காவாசாக்கி வந்த பிள்ளையின் கொலஸ்ட்ரோல் ரிப்போட்: ஒன்று குறைவு, ஒன்று கூட. எதை நம்புவது?

இணுவில்_தாய் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு வயது மூன்றை நெருங்குகிறது. மார்கழி மழையோடு காய்ச்சல் தொடங்கியது. ஊர் முழுக்க டெங்கு என்றபடியால் முதலில் அந்தப் பயம்தான். டெங்கு சோதனையில் ஒன்றும் இல்லை, பிளேட்லெட்டும் விழவில்லை, ஆனால் காய்ச்சல் விடவேயில்லை. பிறகு கண் இரண்டும் பீளை இல்லாமல் சிவந்தது, உதடு வெடித்தது, கையும் காலும் வீங்கின. வார்டில் பெரிய டொக்டர் பார்த்த உடனேயே, இது காவாசாக்கி, இரத்தக்குழாயில் அழற்சி வரும் நோய் என்றார். ஐ.வி.ஐ.ஜி. என்ற பிறபொருளெதிரி மருந்தை ஏற்றினார்கள், காய்ச்சல் இறங்கிவிட்டது. முதல் எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயத்துக்குப் போகும் குழாய்கள் இயல்பாக இருக்கின்றன என்றார்கள். இப்போது வீட்டில் இருக்கிறோம், சின்ன அளவு அஸ்பிரின் ஓடுகிறது.

என் கேள்வி இரத்தக் கொழுப்பைப் பற்றியது. காய்ச்சல் உச்சத்தில் இருந்த நேரம் எடுத்த லிப்பிட் ரிப்போட் துண்டுக்காகிதங்களோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. அதில் இருப்பது (எச்.டி.எல். நல்ல கொலஸ்ட்ரோலாம், எல்.டி.எல். கெட்ட கொலஸ்ட்ரோலாம், ட்ரைகிளிசரைட் இன்னொரு வகைக் கொழுப்பாம்):

மொத்தக் கொலஸ்ட்ரோல் 118
ட்ரைகிளிசரைட் 236
எச்.டி.எல். 19
எல்.டி.எல். 52

மாமி 236ஐப் பார்த்துவிட்டு, இனி இந்த வீட்டில் தேங்காய்ப்பால் சொதி இல்லை என்கிறார். என் கணவர் 118ஐப் பார்த்து, கொலஸ்ட்ரோல் குறைவு, நல்லாகச் சாப்பிடட்டும் என்கிறார். என் அப்பாவுக்கு 52 வயதில் பைபாஸ் செய்தது. அதனால் எனக்குத்தான் கூடப் பயம். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொலஸ்ட்ரோல் வியாதியா?

ஸ்காபரோ_சித்தப்பா எழுதியது:

மகள், எனக்கு எல்.டி.எல். 2க்குக் கீழே வர வேண்டும் என்று இங்கே டொக்டர் ஒவ்வொரு முறையும் பேசுகிறார். உங்கள் பிள்ளைக்கு 52 என்கிறீர்கள். இது பயங்கரமாக இருக்கிறதே! உடனே கொழும்புக்குக் கொண்டுபோங்கள்.

சுன்னாகம்_லாப் எழுதியது:

சித்தப்பா, பொறுங்கள், பிள்ளையின் தாயைக் கலங்கடிக்காதீர்கள். கனடாவில் மில்லிமோலில் தருவார்கள், இங்கே ஒரு டெசிலீட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று தருகிறோம். கொலஸ்ட்ரோலை 38.67ஆலும் ட்ரைகிளிசரைட்டை 88.57ஆலும் பிரித்தால் உங்கள் கணக்கு வரும். பிள்ளையின் எல்.டி.எல். 52 உங்கள் ஊரில் 1.3. உங்களுடையதைவிட நன்றாகவே குறைவு.

தங்கச்சி, நான் லாப்பில் வேலை செய்கிறவன், டொக்டர் இல்லை. ரிப்போட்டை எப்படி வாசிப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் விடயம், காகிதத்தின் வலப்பக்கத்தில் அச்சடித்திருக்கும் இயல்பு அளவு பெரும்பாலும் பெரியவர்களுக்கானது. ட்ரைகிளிசரைட் 150க்குக் கீழ் என்று போட்டிருப்பார்கள். ஒன்பது வயது வரையான பிள்ளைகளுக்கு 75க்குக் கீழ்தான் நல்லது, 100 என்றாலே கூட. மொத்தக் கொலஸ்ட்ரோல் பிள்ளைகளுக்கு 170க்குக் கீழ், எல்.டி.எல். 110க்குக் கீழ் இருக்க வேண்டும். எச்.டி.எல். 45க்கு மேல் இருந்தால் திருப்தி, 40க்குக் கீழே போனால் குறைவு. இந்த எல்லைகள் 2011இல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று தந்தவை, பல இடங்களிலும் இதைத்தான் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் உங்கள் பிள்ளையின் 236 காகிதம் காட்டுவதைவிடக் கூட, 19 மிக மிகக் குறைவு.

இரண்டாவது, அந்த எல்.டி.எல். 52 பெரும்பாலும் மெஷின் அளந்தது இல்லை, கணக்குப் போட்டது. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்து, ட்ரைகிளிசரைட்டின் ஐந்தில் ஒன்றையும் கழிப்போம். 118இலிருந்து 19 போக 99, அதிலிருந்து 47 போக 52. ட்ரைகிளிசரைட் ஏறினால் இந்தக் கணக்கு ஆட்டம் காணும், 400ஐத் தாண்டினால் அந்த முறையில் எல்.டி.எல். எழுதவே கூடாது.

மூன்றாவது, பிள்ளை பட்டினி இருந்ததா? சேலைன் ஏறியதா? பால் குடித்து எவ்வளவு நேரத்தில் இரத்தம் எடுத்தார்கள்? காய்ச்சல் வார்டில் இதையெல்லாம் யாரும் எழுதி அனுப்புவதில்லை.

மானிப்பாய்_மாஸ்டர் எழுதியது:

நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன். ஒரு சந்தேகம். காய்ச்சலுக்கும் கொழுப்புக்கும் என்ன தொடர்பு? தொற்று வந்தால் வெள்ளணு கூடும், அது விளங்குகிறது. கொலஸ்ட்ரோல் ஏன் இறங்க வேண்டும்? அதுவும் ஒரே இரத்தத்தில் ஒன்று இறங்கி மற்றது ஏறுவது எப்படி?

அளவெட்டி_அக்கா எழுதியது:

என் மகளுக்கும் இரண்டு வயதில் இதே வருத்தம் வந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்த நேரம் எங்களுக்கும் இதே மாதிரித்தான் எச்.டி.எல். தரையில் கிடந்தது. தங்கச்சி, சொதியை நிறுத்தாதே. மற்றதை டொக்டர்மார் யாராவது சொல்லட்டும்.

குழந்தை_வைத்தியன் எழுதியது:

மாஸ்டரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், அதற்குள் தாயின் கேள்விக்கும் பதில் இருக்கிறது.

காவாசாக்கி என்பது இரத்தக்குழாய்ச் சுவரில் ஏற்படும் அழற்சி. நடுத்தரப் பருமனான நாடிகளைத்தான் அதிகம் தாக்கும், அதில் நாங்கள் அஞ்சுவது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுரு நாடிகளுக்கு. அந்த அழற்சி நடக்கும்போது உடம்பில் சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்கள் பெருகும். அவை ஈரலையும் கொழுப்புத் திசுவையும் வேறு விதமாக வேலை செய்ய வைக்கும்.

ட்ரைகிளிசரைட்டை இரத்தத்திலிருந்து உடைத்து எடுக்கும் நொதியம் ஒன்று இருக்கிறது, லிப்போபுரோட்டீன் லிப்பேஸ். அழற்சியில் அதன் வேலை மந்தமாகும். ஈரலும் கூடுதலாகக் கொழுப்பை வெளியே தள்ளும். வரத்து கூடி, செலவு குறைந்தால் 236 வராமல் என்ன வரும்?

எச்.டி.எல். கதை வேறு. அந்தத் துணிக்கையின் முக்கியப் புரதம் அப்போ ஏ-1. அழற்சி வந்ததும் ஈரல் சீரம் அமிலாயிட் ஏ என்ற புரதத்தை அள்ளி வீசும். யாழ்ப்பாணம்–கொழும்பு இரவு பஸ்ஸில் நீங்கள் பதிந்த சீட்டில் வேறொருவர் வந்து இருந்துகொள்வது மாதிரி, அது அப்போ ஏ-1இன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படி மாறிய எச்.டி.எல். இரத்தத்தில் நெடுநேரம் நிற்காமல் வேகமாக அகற்றப்படும். அழற்சியைத் தணிப்பது எச்.டி.எல்.லின் வேலைகளில் ஒன்று. அது தேவைப்படும் நேரத்திலேயே அளவு குறைந்து, தரமும் கெடுகிறது.

மொத்தக் கொலஸ்ட்ரோலும் எல்.டி.எல்.லும் அந்த நாட்களில் இறங்குவதும் இதே கூட்டுக் குழப்பத்தின் பகுதிதான். பெரியவர்களில் கடும் தொற்றிலும் மாரடைப்புக்குப் பிறகும்கூட இதைக் காண்கிறோம். ஆகவே தாயே, 118 நல்ல செய்தி இல்லை, 236 கெட்ட உணவின் விளைவும் இல்லை. இரண்டும் சேர்ந்து, இரத்தம் எடுத்த அன்று அழற்சி கடுமையாக இருந்தது என்பதைச் சொல்கின்றன. அதை அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இரத்தச் சோதனை ஏற்கனவே சொல்லியிருக்கும்.

அந்தக் காகிதத்தை வைத்துப் பிள்ளைக்குக் கொலஸ்ட்ரோல் வியாதி உண்டு என்றோ இல்லை என்றோ முடிவெடுக்க முடியாது.

இணுவில்_தாய் எழுதியது:

நன்றி டொக்டர். இப்போது மாமிக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப ஏன் அந்தச் சோதனையைச் செய்தவை?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி மாதிரித்தான் இருக்கிறது.

குழந்தை_வைத்தியன் எழுதியது:

மாமி என் விரிவுரையாளர் ஒருவரைவிட நன்றாகக் கேட்கிறார்!

காவாசாக்கியைத் தீர்மானிக்கும் பட்டியலில் கொலஸ்ட்ரோல் கிடையாது. ஐந்து நாளோ அதற்கு மேலோ காய்ச்சல், அதோடு ஐந்து அறிகுறிகளில் நான்கு. இரு கண்ணும் சிவத்தல், உதடு நாக்கு மாற்றம், தோலில் சிவப்புத் தடிப்புகள், கை கால் வீக்கம் அல்லது பிறகு விரல் நுனித் தோல் உரிதல், கழுத்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட நெறிக்கட்டி. அறிகுறிகள் முழுமையாக இல்லாத பிள்ளைகளில் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர்., அல்புமின், ஈரல் நொதியம், ஏழாம் நாளுக்குப் பிறகு ஏறும் பிளேட்லெட், சிறுநீரில் வெள்ளணு என்று பார்ப்போம், எக்கோவும் செய்வோம். லிப்பிட் அதில் இல்லை.

எச்.டி.எல். மிகக் குறைந்த பிள்ளைகளில் நாடிப் பாதிப்பு கூடுதலாகக் காணப்பட்டது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஒரு தனிப் பிள்ளையின் நாடி வீங்குமா என்பதை 19 என்ற எண் சொல்லாது. எக்கோதான் சொல்லும். ஆஸ்பத்திரியில் சில நேரம் ஒரு தொகுதிச் சோதனையாக எல்லாவற்றுக்கும் குறி போட்டுவிடுவார்கள். நான் அந்த வார்டில் இருந்திருந்தால் அந்தக் குழாய் இரத்தத்தை மிச்சம் பிடித்திருப்பேன்.

சுன்னாகம்_லாப் எழுதியது:

இதில் எனக்கு உடன்பாடு இல்லை டொக்டர். அன்று ஒரு அளவு இருந்தால்தானே பிறகு எடுப்பதை ஒப்பிடலாம்? எவ்வளவு தூரம் மீண்டது என்று எப்படித் தெரியும்?

குழந்தை_வைத்தியன் எழுதியது:

காய்ச்சல் நாளின் அளவோடு ஒப்பிட்டு என்ன செய்யப் போகிறோம்? ஒப்பிட வேண்டியது அந்த வயதுப் பிள்ளைகளின் இயல்போடு. ஆய்வு என்றால் நீங்கள் சொல்வது சரி, சிகிச்சைக்கு உதவாது.

மானிப்பாய்_மாஸ்டர் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி டொக்டர். அப்படியானால் அழற்சி அடங்கியதும் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடுமா? பெயரைப் பற்றியும் ஒன்று. காவாசாக்கி என்பது மோட்டார்சைக்கிள் கம்பனி என்று என் பேரன் சிரிக்கிறான்.

குழந்தை_வைத்தியன் எழுதியது:

பேரனுக்குச் சொல்லுங்கள், இவர் தொமிசாக்கு காவாசாக்கி என்ற ஜப்பானியக் குழந்தை வைத்தியர். 1961இல் தோக்கியோவில் நான்கு வயதுப் பையன் ஒருவனைக் கண்டார், தெரிந்த எந்த நோயோடும் அவனது அறிகுறிகள் பொருந்தவில்லை. பிறகு அதே மாதிரி வந்த பிள்ளைகளைக் குறித்துவைத்து 1967இல் ஐம்பது பேரின் விவரத்தோடு ஜப்பானிய மொழியில் எழுதினார். ஆங்கிலத்தில் வந்தது 1974இல். 2020இல் தனது 95ஆவது வயதில் காலமானார். நோயின் மூலகாரணம் இன்றுவரை யாருக்கும் பிடிபடவில்லை.

மீள்வதைப் பற்றி. ட்ரைகிளிசரைட் ஓரளவு விரைவாக இறங்கிவிடும். மொத்தக் கொலஸ்ட்ரோலும் எல்.டி.எல்.லும் சில வாரங்கள், மாதங்களில் அந்தப் பிள்ளையின் சொந்த மட்டத்துக்கு ஏறும். கடைசியாக வருவது எச்.டி.எல். 1991இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், வருடங்கள் கடந்தும் எச்.டி.எல். எதிர்பார்த்த அளவுக்குச் சற்றுக் கீழேயே இருந்தது. நாடியில் பாதிப்பு நின்றுவிட்ட பிள்ளைகளில் அது இழுபடும் என்றும் சிலர் கண்டிருக்கிறார்கள். ஆனால் நாடி ஒருபோதும் பாதிக்கப்படாத பிள்ளைக்கு, பெரியவனாகி வரும் மாரடைப்பு அபாயம் இதனால் கூடும் என்று நிறுவப்படவில்லை.

அளவெட்டி_அக்கா எழுதியது:

எங்கள் கதையைச் சொல்கிறேன், இணுவில் தங்கச்சிக்குப் பயன்படலாம். என் மகளுக்கு இரண்டாவது எக்கோவில் ஒரு நாடி கொஞ்சம் அகலம் என்றார்கள். இசட் ஸ்கோர் என்று ஒரு எண் சொன்னார்கள், 2க்கும் 2.5க்கும் இடையில். அந்த நேரம் எனக்கு அது விளங்கவில்லை. பிறகு கிளினிக்கில் ஒரு டொக்டர் பொறுமையாக இருந்து சொன்னார், பிள்ளையின் உடல் அளவுக்கு நாடி எவ்வளவு இருக்க வேண்டுமோ அதிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது என்பதுதான் அது, 2.5 வந்தால் சிறிய வீக்கம், 5 வந்தால் நடுத்தரம், 10 வந்தால் மிகப் பெரியது என்று. எங்களுக்கு அது பிறகு இயல்புக்கு வந்தது.

எச்.டி.எல். மட்டும் கனகாலம் 30களில் நின்றது. எனக்கு ஒவ்வொரு ரிப்போட்டும் வரும்போது நித்திரை இருக்காது. கிளினிக்கில் சொன்னது என்னவென்றால், அந்த எண்ணைத் துரத்த வேண்டாம், பிள்ளையை ஓட விடுங்கள். சைக்கிள், கோயில் வீதியில் ஓட்டம், பின்னேரம் விளையாட்டு. டிவிக்கு முன்னால் மிக்சர்ப் பொட்டலத்தோடு இருத்தாதீர்கள் என்றார்கள்.

வீட்டில் இன்னொரு மாற்றமும் நடந்தது. என் மாமா சுருட்டுக்காரர், விறாந்தையில் இருந்துதான் பத்துவார். புகைபிடிக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு எச்.டி.எல். குறைவாக இருக்கும் என்று கிளினிக்கில் கேட்டுவந்து சொன்னேன். நான் எத்தனை வருடமாகச் சொல்லியும் கேட்காதவர், பேத்தியின் பெயரைச் சொன்னதும் வேலிக்கு வெளியே போய்ப் பத்தத் தொடங்கினார். விட்டுவிடவில்லை, ஆனால் விறாந்தை மணக்கவில்லை.

இணுவில்_தாய் எழுதியது:

அக்கா, சாப்பாட்டில் என்ன கொடுத்தீர்கள்? இங்கே தேங்காய்தான் சண்டை.

அளவெட்டி_அக்கா எழுதியது:

எல்லாம் கொடுத்தேன். இடியப்பம், சொதி, புட்டு, முட்டை. மீன் கூட. சூடை மீனைக் குழம்பாக வைத்து முள் எடுத்து ஊட்டினேன். குறைத்தது பேக்கரிச் சாமானும் இனிப்புப் பானமும்தான்.

குழந்தை_வைத்தியன் எழுதியது:

அக்கா சொன்னதில் நான் கூட்டவோ குறைக்கவோ அதிகம் இல்லை. தேங்காய்க் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது, அது எல்.டி.எல்.லையும் எச்.டி.எல்.லையும் சேர்த்தே ஏற்றும். அதனால் பெரியவர்கள் அளவோடு இருப்பது நல்லது. ஆனால் காய்ச்சலில் மெலிந்துபோய் வந்திருக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொழுப்பு வேண்டும், மூளையும் உடம்பும் வளரும் வயது. குடும்பம் சாப்பிடும் சொதியில் அவனுக்கும் பங்கு உண்டு. ட்ரைகிளிசரைட்டை உணவால் குறைக்க வேண்டுமென்றால் கை வைக்க வேண்டிய இடம் சீனி. பாலில் மூன்று கரண்டி, பிஸ்கட், மால்ட் பானம், பழரசம் என்று பெயர் போட்ட சீனித்தண்ணீர். மாமியிடம் சொல்லுங்கள், சொதிச் சட்டியை விட்டுவிட்டுச் சீனிப் போத்தலை மேல் தட்டில் வைக்கட்டும்.

நெல்லியடி_அம்மா எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு வயது ஏழு. கால் இரண்டிலும் ஊதாப் புள்ளிகள், மூட்டு வலி, வயிற்றுவலி. இதுவும் இரத்தக்குழாய் அழற்சி என்றுதான் சொன்னார்கள். ஆனால் அவளுடைய கொலஸ்ட்ரோல் 300ஐத் தாண்டிவிட்டது, குறையவில்லை. அப்படியானால் நீங்கள் சொல்வது அவளுக்குப் பொருந்தாதா?

குழந்தை_வைத்தியன் எழுதியது:

பொருந்தாது அம்மா. நீங்கள் சொல்வது ஐ.ஜி.ஏ. வாஸ்குலைட்டிஸ் மாதிரி இருக்கிறது, ஹெனோக்–ஷோன்லைன் என்றும் சொல்வார்கள். பிள்ளைகளில் வரும் இரத்தக்குழாய் அழற்சிகளில் அதுதான் மிகப் பரவலானது. அது சின்னஞ்சிறு குழாய்களைத் தாக்கும், சிறுநீரகத்தையும் தொடும். சிறுநீரில் புரதம் பெருமளவு ஒழுகினால், அந்த இழப்பை ஈடுசெய்ய ஈரல் புரதத்தோடு கொழுப்புத் துணிக்கைகளையும் கூட்டி உற்பத்தி செய்யும். கொலஸ்ட்ரோல் 300, 400 என்று ஏறுவது அப்படித்தான். கண்மடல் காலையில் வீங்குகிறதா, சிறுநீர் நுரைக்கிறதா என்று பாருங்கள். சிறுநீர்ச் சோதனையும் இரத்த அழுத்தமும் பார்த்தார்களா? இல்லையென்றால் நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கள். உணவைக் குறைத்து இந்தக் கொலஸ்ட்ரோலை இறக்க முடியாது, சிறுநீரகம் சரியானால் தானாக இறங்கும்.

நெல்லியடி_அம்மா எழுதியது:

சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ் என்று எழுதியிருக்கிறது. வியாழன் கிளினிக் என்று திகதி தந்தார்கள்.

குழந்தை_வைத்தியன் எழுதியது:

மூன்று பிளஸ் என்றால் வியாழன் வரை வைத்திருக்க வேண்டாம். நாளை காலை கூட்டிக்கொண்டு போய், திகதிக்கு முன் ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் அந்தக் காகிதத்தை நீட்டுங்கள்.

வடமராட்சியான் எழுதியது:

எல்லோரும் கொழுப்பையே கதைக்கிறீர்கள். எங்களுக்கு வேறு தலையிடி. என் தம்பியின் பிள்ளையும் காவாசாக்கிக்கு அஸ்பிரின் குடிக்கிறது. ஒழுங்கையில் இரண்டு வீட்டில் டெங்கு. டெங்குக்கு அஸ்பிரின் கூடாது என்று வானொலியில் நாள் முழுக்கச் சொல்கிறார்கள். நிறுத்துவதா, கொடுப்பதா?

குழந்தை_வைத்தியன் எழுதியது:

கொழுப்பைவிட அவசரமான கேள்வி, கேட்டது நல்லது.

காவாசாக்கிக்குக் கொடுக்கும் சிறிய அளவு அஸ்பிரின், ஒரு கிலோ எடைக்கு மூன்று முதல் ஐந்து மில்லிகிராம், காய்ச்சலுக்கானது இல்லை. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் பிளேட்லெட் மிகவும் ஏறும், அந்த நேரம் நாடியில் இரத்தம் உறையாமல் இருக்கத்தான். நாடி இயல்பாக இருந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் நிறுத்திவிடுவோம். வீக்கம் இருந்தால் தொடரும். பக்கத்து வீட்டில் டெங்கு என்பதற்காக நீங்களாக நிறுத்தக் கூடாது.

ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே கிளினிக்குக்கோ வார்டுக்கோ போங்கள், அஸ்பிரின் குடிக்கிறான் என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். இரத்தம் பார்த்து, அஸ்பிரினை வைப்பதா விடுவதா என்று அவர்கள் முடிவெடுப்பார்கள். வீட்டில் பரசிற்றமோல் மட்டும். இபுபுரோஃபன் கொடுக்காதீர்கள், அது அஸ்பிரினின் வேலையையும் கெடுக்கும், டெங்குவில் இரத்தக்கசிவையும் கூட்டும். பொக்குளிப்பான் அல்லது இன்ஃபுளுவென்சா உள்ள வீட்டுக்கும் கூட்டிப்போக வேண்டாம், அஸ்பிரினோடு அவை சேர்ந்தால் ரேய் நோய் என்ற அரிய, ஆனால் மிகக் கடுமையான ஈரல்–மூளைப் பாதிப்பு வரலாம்.

நுளம்பு வலை வீட்டில் இருக்குமே. பகலிலும் பிள்ளை படுக்கும்போது கட்டுங்கள்.

இணுவில்_தாய் எழுதியது (சில வாரங்கள் கழித்து):

மறுபடியும் வந்திருக்கிறேன். எட்டாவது வார எக்கோவும் இயல்பு, அஸ்பிரினை நிறுத்திவிட்டார்கள். கடவுளே என்று மூச்சு விட்டால், புது லிப்பிட் ரிப்போட்.

மொத்தம் 172
ட்ரைகிளிசரைட் 92
எச்.டி.எல். 38
எல்.டி.எல். 116

மற்ற எல்லாம் நல்லதாக வந்திருக்கிறது என்று பார்த்தால், எல்.டி.எல். 52இலிருந்து 116க்கு ஏறிவிட்டது! இரண்டு மடங்குக்கு மேல். மாமி முட்டையைக் குற்றம் சொல்கிறார்.

சுன்னாகம்_லாப் எழுதியது:

முட்டையை விடுங்கள், எட்டு வாரத்தில் அப்படி ஏற்ற முட்டையால் முடியாது. பட்டினி இருந்துதானே எடுத்தீர்கள்? சின்னப் பிள்ளையைப் பட்டினி போடுவது கஷ்டம் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழியுங்கள், 134. இதற்குப் பட்டினி தேவையில்லை. 120க்குக் கீழ் நல்லது, 145இலிருந்து கூட, உங்களுடையது நடுவில். என் கருத்து, எச்.டி.எல். 40க்குக் கீழ் இருப்பதால் ஆறு மாதத்தில் திரும்பவும் பார்க்க வேண்டும்.

குழந்தை_வைத்தியன் எழுதியது:

52 ஒருநாளும் அவனுடைய உண்மையான எல்.டி.எல். இல்லை, அது நோய் காட்டிய எண். 116 ஏறக்குறைய அவனுடைய சொந்த எண். ஏறவில்லை, மீண்டிருக்கிறது. எல்லையைச் சற்றுத் தொடுகிறது, அவ்வளவுதான்.

ஆறு மாதத்தில் திரும்பவும் ஊசி குத்துவதற்கு நான் ஆதரவில்லை. நாடி இயல்பு, பிள்ளை நலம், எண் எல்லையில். ஒரு வருடத்துக்குப் பிறகு ஒருமுறை, அதன்பின் ஒன்பது பதினொரு வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பார்க்கச் சொல்லும் நேரத்தில் ஒருமுறை, இது போதும். நாடி வீக்கம் உள்ள பிள்ளையென்றால் கதை வேறு, அவர்களை இதய நோய் அபாயம் கூடியவர்களாகக் கணக்கிட்டு நெருக்கமாகப் பார்ப்போம்.

இதில் என் கவனம் முழுக்க உங்கள் அப்பாவின் மேல்தான். 52 வயதில் பைபாஸ் என்றால் குடும்பத்தில் இளவயது இதயநோய் என்று எழுதுவோம். பரம்பரைக் கொலஸ்ட்ரோல் நோயில் பிள்ளையின் எல்.டி.எல். 160, 190 என்று நிற்கும், 116 அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் நீங்கள் உங்கள் கொலஸ்ட்ரோலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

இணுவில்_தாய் எழுதியது:

பார்த்ததே இல்லை டொக்டர்.

குழந்தை_வைத்தியன் எழுதியது:

அப்படியானால் அடுத்த ஊசி உங்களுக்கு. கணவருக்கும்.

சுன்னாகம்_லாப் எழுதியது:

ஆறு மாதமா ஒரு வருடமா என்பதில் நான் இன்னும் என் பக்கம்தான். டொக்டர் ஒரு பிள்ளையைப் பார்க்கிறார், நான் காகிதங்களைப் பார்க்கிறேன். ஒரு வருடம் என்று சொல்லி அனுப்பிய பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள்? ஆறு மாதம் என்றால் கிளினிக் கொப்பி தொலைவதற்குள் வருவார்கள்.

குழந்தை_வைத்தியன் எழுதியது:

அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

மானிப்பாய்_மாஸ்டர் எழுதியது:

எச்.டி.எல். இப்படி இழுபட்டால் பெரியவர்களுக்குக் கொலஸ்ட்ரோலுக்காகத் தரும் ஸ்டாட்டின் மாத்திரையைச் சின்ன அளவில் கொடுக்கலாமா? அழற்சிக்கும் நல்லது என்று எங்கோ வாசித்தேன்.

குழந்தை_வைத்தியன் எழுதியது:

ஸ்டாட்டின் முக்கியமாக எல்.டி.எல்.லைக் குறைக்கும், எச்.டி.எல்.லைப் பெரிதாக ஏற்றாது. குழாய்ச் சுவர் அழற்சியைத் தணிக்கும் என்ற நம்பிக்கையில், நாடி வீக்கம் நீடிக்கும் காவாசாக்கிப் பிள்ளைகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். அதைப் பிள்ளைகளின் இதய நிபுணர் முடிவெடுப்பார். இயல்பான நாடியுள்ள மூன்று வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். தாத்தாவின் போத்தலில் இருந்து பாதி மாத்திரை எடுக்கும் யோசனை யாருக்கும் வராமல் இருக்கட்டும்.

இணுவில்_தாய் எழுதியது:

கடைசியாக ஒன்று. வளர்ச்சிப் புத்தகத்தில் மூன்று வயதுக்கு எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசி என்று இருக்கிறது. வருகிற மாதம் மூன்று முடிகிறது. போகலாமா?

குடும்பநலம்_வலிகாமம் எழுதியது:

நான் குடும்பநல உத்தியோகத்தர், இதற்கு நானே சொல்கிறேன் தங்கச்சி. ஐ.வி.ஐ.ஜி. என்பது ஆயிரக்கணக்கானோர் கொடுத்த இரத்தத்திலிருந்து எடுத்த பிறபொருளெதிரி. அது உடம்பில் இருக்கும்வரை எம்.எம்.ஆர். போன்ற உயிருள்ள தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. அதனால் ஏற்றிய திகதியிலிருந்து பதினொரு மாதம் பிந்திப் போடுவார்கள். பக்கத்தில் சின்னமுத்து பரவினால் மட்டும் டொக்டர் வேறு முடிவு எடுக்கலாம். வருகிற மாதம் வந்து ஊசி போடாமல் போங்கள், ஆனால் வாருங்கள். ஆஸ்பத்திரித் துண்டில் ஐ.வி.ஐ.ஜி. ஏற்றிய திகதி இருக்கும், அதைப் பார்த்து உங்கள் புத்தகத்திலும் எங்கள் பதிவேட்டிலும் புதுத் திகதி எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஊசி தவறவிட்ட பிள்ளை என்று உங்கள் வீட்டுக்கு நாங்கள்தான் தேடி வருவோம்.